நாவல், திரைப்படம், ஊக்க உரை: சேத்தன் பகத்தின் எழுத்தும் கிண்ணியாவின் மாணவரும்

1

ஒரு காலகட்டத்தில் மிகுதியாக வாசிக்கப்படும் நூல்கள் அக்காலகட்டத்தின் சிறந்த நூல்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் அக்காலத்துச் சமூக மனநிலையை அறிய விரும்புவோருக்கு அவை இன்றியமையாத சான்றுகளாகும். ஆங்கிலத்தில் எழுதும் இந்திய நாவலாசிரியர் சேத்தன் பகத்தின் படைப்புகளை இத்தகைய சான்றுகளாகவே நாம் இங்கு நோக்குகின்றோம். 2004இல் வெளிவந்த ‘ஃபைவ் பாயிண்ட் சம்வன்’ தொடங்கி அவருடைய நாவல்கள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. அவற்றுட் பல திரைப்படங்களாயின. ஆசிரியரோ கல்லூரி மண்டபங்களிலும் நிறுவனக் கூட்டங்களிலும் இளைஞருக்கு ஊக்கமளிக்கும் பேச்சாளரானார். நாவல், திரைப்படம், மேடை உரை ஆகிய இம்மூன்றும் மூன்று தனித் தொழில்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. அவை ஒரே இயக்கத்தின் மூன்று கட்டங்கள் என்பதும், ஒவ்வொரு கட்டத்திலும் சமூக முரண்பாடு சிறிது சிறிதாகக் கழிக்கப்பட்டு, ஈற்றில் தனிமனித மனம் ஒன்றே எஞ்சுகின்றது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

இவ்வாய்வுக்கு எம்மைத் தூண்டியது கிண்ணியாவில் நாம் கண்ட ஒரு நிகழ்வு. க.பொ.த. உயர்தர மாணவருக்காக நடத்தப்பட்ட வழிகாட்டற் கருத்தரங்கொன்றில் ஓரத்தில் அமர்ந்திருந்தோம். பேச்சாளர் ‘நண்பன்’ திரைப்படத்தின் கதையை விரிவாகச் சொன்னார். புள்ளிகளைத் துரத்தாதே, திறமையை வளர்த்துக்கொள், வெற்றி உன்னைத் தேடிவரும் என்பது அவரது உரையின் சாரம். மாணவர் மகிழ்ச்சியோடு கைதட்டினர். கேள்வி நேரத்தில் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கட பள்ளிக்கூடத்தில பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லையே, சேர். அதுக்கு நாங்க என்ன செய்யிற?” என்று கேட்டாள். மனமிருந்தால் வழியுண்டு என்று பேச்சாளர் பதிலளித்தார். அதற்கும் கைதட்டல் எழுந்தது. கேள்வி கேட்டவள் கைதட்டவில்லை.

பேச்சாளரை நாம் குறைகூற வரவில்லை. அவர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருந்தார். ஆயின் ஆசிரியர் வெற்றிடம் என்ற பொதுப் பிரச்சினை அம்மாணவியின் மனவுறுதி பற்றிய பிரச்சினையாக ஒரு நொடியில் எவ்வாறு மாறியது? அம்மாற்றத்தை இயல்பானதாகக் காட்டும் கருத்தியல் எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

2

தன்முயற்சி இலக்கியம் கைத்தொழில் முதலாளித்துவத்தின் உடன்பிறப்பு. சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய ‘தன்னுதவி’ என்ற நூல் 1859இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மார்க்ஸின் ‘அரசியற் பொருளாதார விமர்சனத்துக்கு ஒரு பங்களிப்பு’ வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. உழைப்பாளியின் வறுமைக்கு அவனுடைய ஒழுக்கத்தில் விடை தேடியது ஒன்று. உற்பத்தி உறவுகளில் விடை தேடியது மற்றையது. இவ்விரு வழிகளும் இன்றுவரை சமாந்தரமாகவே வந்துள்ளன.

தமிழில் இம்மரபின் தொடக்கம் கவனத்துக்குரியது. ஜேம்ஸ் அலனின் நூல்களை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ முதலிய பெயர்களில் தமிழாக்கியவர் வ. உ. சிதம்பரம்பிள்ளை. 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் ஓட்டியவரும், 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றவரும் அவரே. அவருடைய கம்பனி மனவுறுதிக் குறைவினால் வீழவில்லை. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்ட பிரித்தானிய இந்தியக் கப்பற் கம்பனியின் மூலதன வலிமையும், அதற்குத் துணைநின்ற குடியேற்ற அரசும் சேர்ந்தே அதனை வீழ்த்தின. எனினும் அவரிடத்தில் தனிமனித ஒழுக்கமும் கூட்டுப் போராட்டமும் ஒன்றையொன்று விலக்கவில்லை. மனத்தைப் பண்படுத்துவது போராடுவதற்கான ஆயத்தமாகவே அவருக்கு அமைந்தது.

பின்வந்தோரிடத்தில் இவ்விணைப்பு தளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்துற்-றஹீம் எழுதிய ‘வாழ்க்கையில் வெற்றி’ முதலிய நூல்கள் தமிழ் வாசகரிடையே, குறிப்பாக முஸ்லிம் வாசகரிடையே, பெருஞ்செல்வாக்குப் பெற்றன. பெரியோரின் வரலாறுகளையும் சமய ஒழுக்கத்தையும் இணைத்துத் தெளிவான நடையில் எழுதியமை அவரது சிறப்பு. அடுத்து வந்த எம். எஸ். உதயமூர்த்தி ‘எண்ணங்கள்’ மூலம் தமிழ்நாட்டு நடுத்தர வர்க்க இளைஞரைக் கவர்ந்தார். அவர்கூட 1988இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கிப் பொதுவாழ்வில் இறங்கவேண்டிய தேவையை உணர்ந்தார். 1991இன் பின்னர் இந்தியாவில் தாராளமயப் பொருளாதாரம் வேரூன்றியபோதோ நிலைமை மாறியது. பன்னாட்டு நிறுவனத்தில் வேலை, நுழைவுத் தேர்வு, ஆங்கிலம் ஆகியவையே இளைஞரின் வாழ்வை நிர்ணயிப்பனவாயின. சேத்தன் பகத் இக்கட்டத்தின் எழுத்தாளர். டெல்லி ஐ.ஐ.டி.யில் பொறியியலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.இல் முகாமைத்துவமும் பயின்று, முதலீட்டு வங்கிகளிற் பணியாற்றி, 2009இல் அத்தொழிலைத் துறந்து முழுநேர எழுத்துக்கு வந்தவர் அவர்.

3

‘ஃபைவ் பாயிண்ட் சம்வன்’ நாவலை உயர்ந்த இலக்கியம் என்று நாம் வாதிட முற்படவில்லை. எனினும் அதில் மறுக்கமுடியாத ஓர் உண்மை உண்டு. ஹரி, ரயன், அலோக் என்ற மூன்று மாணவரும் தரவரிசையின் அடியில் நிற்பவர்கள். அலோக்கின் வீட்டில் நோயுற்ற தந்தை, மணமாகாத தமக்கை, தாயின் ஆசிரியச் சம்பளம் ஆகியன உள்ளன. அவனுக்குப் புள்ளிகள் என்பது வீட்டு அடுப்போடு தொடர்புடைய விடயம். வினாத்தாளைத் திருட முயன்று அகப்படுகின்றனர். அலோக் மாடியிலிருந்து குதித்து உயிர் தப்புகின்றான். கண்டிப்பான பேராசிரியர் செரியனின் மகன் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காமையால் முன்னரே தற்கொலை செய்துகொண்டவன். இவர்களில் எவரும் இறுதியில் மாமேதையாவதில்லை. சாதாரணமான வேலைகளிலேயே அமர்கின்றனர். தோற்றவர்களைத் தோற்றவர்களாகவே விட்டுவைக்கும் துணிவு அந்நாவலில் இருந்தது.

2009 டிசம்பரில் ராஜ்குமார் ஹிரானியின் இயக்கத்தில் வெளிவந்த ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தில் நிகழ்ந்த மாற்றங்கள் வெறும் கலைத் தேவைகளால் விளைந்தவை அல்ல. நாவலின் ரயன் படத்தில் ராஞ்சோ ஆகின்றான். அவன் உண்மையில் ஒரு பண்ணையாரின் தோட்டக்காரனுடைய பிள்ளை. பண்ணையாரின் மகனுடைய பெயரில், அம்மகனுக்காகவே பட்டம் பெற்றுக் கொடுக்கின்றான். உழைப்பவன் ஒருவன், உழைப்பின் பயன் எழுதப்படும் பெயர் வேறொருவனது. உழைப்பு அந்நியமாதலை இதைவிட எளிமையாக ஒரு வணிகப் படம் சொல்லிவிட முடியாது. படம் அறியாமலே தொட்ட பேருண்மை இது. தொட்ட கையோடு அதனை விட்டும் விடுகின்றது. பட்டத்தைப் பறிகொடுத்தவனுக்கு அது ஓர் இழப்பாகவே காட்டப்படவில்லை. அவன் நானூறு காப்புரிமைகளுக்கு உரிய விஞ்ஞானியாக மலையடிவாரத்தில் தோன்றுகின்றான். புள்ளிகளைத் துரத்திய சதுர் ஒப்பந்தக் கையெழுத்துக்காக அவன்முன் நிற்கின்றான். அறிவுக்காகவே அறிவு என்று முழங்கிய கதை, தன் நாயகனின் வெற்றியை அளப்பதற்கு ஈற்றில் அறிவின் தனியுடைமைச் சான்றாகிய காப்புரிமையையே நாடவேண்டியிருந்தது.

இன்னொரு மாற்றமும் நோக்கத்தக்கது. அலோக்கின் வீட்டு வறுமைக்கு நேரான காட்சி, படத்தில் ஐம்பதுகளின் கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களைக் கேலிசெய்யும் பாணியில் அமைக்கப்பட்டுள்ளது. வறுமை பழைய படங்களுக்குரிய ஒரு பாணி, இன்று அதைக் கண்டு சிரிக்கலாம் என்ற தொனி அதில் உண்டு. எமது மண்டபங்களிலும் அக்காட்சிக்குச் சிரிப்பே எழுந்தது. சிரித்தவர்களிற் பலர் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

2012 பொங்கலுக்கு ஷங்கரின் இயக்கத்தில் ‘நண்பன்’ வெளிவந்தபோது இக்கதை எமது மொழிக்கு வந்து சேர்ந்தது. விஜய் ஏற்ற பாத்திரம் இப்போது ஒரு நட்சத்திர நாயகனுக்குரிய ஒளியோடு நின்றது. நாவலில் மூவரும் சமமாகத் தடுமாறினர். ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தில் ஒருவன் வழிகாட்ட இருவர் பின்பற்றினர். ‘நண்பன்’ படத்திலோ அவ்வொருவன் பிழையே செய்யாத ஆசானாகிவிட்டான். பேச்சாளர் என்ற உருவம் மேடைக்கு வருமுன்னரே திரையில் ஆயத்தமாகிவிட்டது என்று இதனைக் கூறலாம்.

4

இப்போக்கு ஒரு நாவலோடு நின்றுவிடவில்லை. ‘ஒன் நைட் அட் த கோல் சென்டர்’ (2005) அழைப்பு நிலையமொன்றில் இரவு வேலை செய்யும் அறுவரைப் பற்றியது. அமெரிக்க வாடிக்கையாளருக்காகப் பெயரையும் உச்சரிப்பையும் மாற்றிக்கொண்டு, ஆட்குறைப்பு அச்சத்தில் வாழும் புதிய தொழிலாளரை ஆங்கில நாவலுக்குள் கொணர்ந்தமை ஆசிரியரின் சாதனையே. ஆயின் அவர்கள் விபத்தொன்றில் அகப்பட்டு உயிருக்குத் தொங்கும் வேளையில் கடவுள் கைத்தொலைபேசியில் அழைத்து வாழ்வில் வெல்லும் வழியை உபதேசிக்கின்றார். அறுவர் ஒன்றுகூடியும் ஒரு தொழிற்சங்கம் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. 2008இல் இது ‘ஹலோ’ என்ற படமாயிற்று.

‘த்ரீ மிஸ்டேக்ஸ் ஒஃப் மை லைஃப்’ (2008) குஜராத்தை, 2001ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தையும் 2002ஆம் ஆண்டின் கலவரங்களையும் களமாகக் கொண்டது. மூன்று இந்து இளைஞரும் அலி என்ற முஸ்லிம் சிறுவனும் அதன் மையம். அலி அபூர்வமான துடுப்பாட்டத் திறமை வாய்ந்தவன். நாவலில் ஓமி என்ற நண்பன் அலியைக் காக்கும் முயற்சியில் இறக்கின்றான். 2013இல் வெளிவந்த ‘கை போ சே’ படத்திலோ, பெற்றோரை இரயிலில் இழந்த ஓமியே வெறிகொண்டு துப்பாக்கியை எடுக்கின்றான். அலியைக் காக்க நிற்கும் இஷான் பலியாகின்றான். கலை நோக்கில் படத்தின் முடிவு வலிமையானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அமைப்பாகத் திட்டமிடப்படும் வன்முறை அங்கு ஒரு மகனின் துயரத்திலிருந்து வெடிப்பதாகவே மனதிற் பதிகின்றது. இறுதியில் அலி இந்திய அணிக்கு ஆடத் தொடங்குகின்றான், பார்வையாளர் நிம்மதியடைகின்றனர். துடுப்பெடுத்து ஆடத் தெரியாத அலிகள் எவ்வாறு பாதுகாக்கப்படுவர் என்ற வினா படத்தில் எழவேயில்லை. இனக் கலவரங்களையும் இடம்பெயர்வையும் அனுபவித்த எமது கிழக்கு மாகாண வாசகர் இவ்வினாவை எழுப்பாதிருக்க முடியாது.

எமது கருத்துக்கு மிகத் தெளிவான சான்று ‘ஹாஃப் கேர்ல்ஃபிரண்ட்’ (2014). பீகாரின் டும்ராவ் என்ற ஊரைச் சேர்ந்த மாதவ், ஆங்கிலம் சரளமாக வராமையால் டெல்லிக் கல்லூரியில் கூச்சத்தோடு வாழ்பவன். ஊரில் அவனுடைய தாய் நடத்தும் பாடசாலையில் மாணவியருக்குக் கழிவறை இல்லை. மக்கள் பிரதிநிதியிடம் சென்றும் பயன் கிட்டவில்லை. ஈற்றில், வருகைதரும் அமெரிக்கச் செல்வர் பில் கேட்ஸின் முன்னிலையில் அவன் ஆங்கிலத்தில் ஒரு பேச்சு நிகழ்த்துகின்றான். உதவித் தொகை கிடைக்கின்றது. மாணவியரின் கழிவறை என்ற அடிப்படை உரிமை ஓர் இளைஞனின் பேச்சுத் திறனில் தங்கியிருப்பதாகக் கதை அமைகின்றது. இங்கே ஊக்க உரை நாவலுக்கு வெளியிலிருந்து வந்து சேரவில்லை. நாவலின் உச்சக்கட்டமே ஒரு மேடை உரையாகிவிட்டது. 2017இல் வந்த திரைவடிவத்தின் தயாரிப்பாளருள் ஒருவராக ஆசிரியரும் இருந்தார்.

5

இனி மேடைக்கு வருவோம். 2008இல் புனே நகரின் சிம்பயாசிஸ் நிறுவனத்தில் புதிய மாணவருக்கு அவர் ஆற்றிய உரை பரவலாக அறியப்பட்டது. ஒவ்வொருவரிடத்தும் பிறவியிலேயே ஒரு பொறி உண்டு என்பதும், ஏமாற்றம், விரக்தி, அநீதி, தனிமை ஆகிய நான்கிலிருந்தும் அதனைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் அவ்வுரையின் கருத்து. உரையின் எளிமையும் நகைச்சுவையும் மெச்சத்தக்கன. எம்மைச் சிந்திக்க வைப்பது அந்நான்கினுள் அநீதி பெற்ற இடமாகும். ஏமாற்றமும் விரக்தியும் உள்ளத்து நிலைகள். அநீதியோ ஒருவர் மற்றொருவருக்கு, ஒரு வர்க்கம் மற்றொரு வர்க்கத்துக்கு இழைப்பது. அதனை மழை, காற்று போன்ற இயற்கை நிகழ்வாகக் கருதிக் கைவிளக்கை மூடிக்கொண்டு நடக்குமாறு கூறும்போது, இழைத்தவர் காட்சியிலிருந்து மறைந்துவிடுகின்றார். பின்னர் வெளிவந்த கட்டுரை நூல்களான ‘வட் யங் இந்தியா வோன்ட்ஸ்’ (2012) முதல் ‘லெவன் ரூல்ஸ் ஃபோர் லைஃப்’ (2024) வரை, ஊழலையும் கல்வியையும் பற்றிய கண்டனங்கள் ஒருபுறமிருக்க, தனிமனித முன்னேற்றமே மேலும் மேலும் மையத்தைப் பிடித்துக்கொண்டது. நாவலிற் கதையும் மாந்தரும் இருந்தனர். திரையில் நாயகன் இருந்தான். மேடையில் அறிவுரை மட்டுமே எஞ்சியது.

இவ்விடத்தில் ஆசிரியரின் சொந்த வரலாறே அவரது அறிவுரைக்கு மாற்றுச் சான்று தருகின்றது. ‘த்ரீ இடியட்ஸ்’ வெளியானபோது, தம் பெயர் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் மட்டுமே இடம்பெற்றமை குறித்து அவர் பகிரங்கமாக முறையிட்டார். ஒப்பந்தத்திற் குறித்தபடியே செய்ததாகத் தயாரிப்பாளர் விது வினோத் சோப்ரா தரப்பினர் பதிலளித்தனர். இருவருள் எவர் பக்கம் நியாயம் என்பது எமது ஆய்வுக்குரியதன்று. எழுத்தாளனின் படைப்பு சந்தைக்கு வந்த கணத்தில், அதன்மீது அவனுக்குள்ள உரிமையை நிர்ணயிப்பது அவனுடைய தன்னம்பிக்கையல்ல, ஒப்பந்தம் என்ற சமூக உறவே என்பதை அச்சர்ச்சை நாடறியச் செய்தது. அநீதி நேர்ந்ததாக உணர்ந்தபோது ஆசிரியர் விளக்கை மூடிக்கொண்டு நடக்கவில்லை, பொதுவில் முறையிட்டார். அது சரியான செயலே. அதே உரிமை அவருடைய கேட்போருக்கும் உண்டு.

நாவலாசிரியர் திரையிலும் மேடையிலும் ஈடுபடுவதே இதற்குக் காரணம் என்று கருதுவதும் பிழையாகும். ஜெயகாந்தன் இம்மூன்றிலும் இயங்கியவர். 1965இல் அவரே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ சேரி மக்களின் வாழ்வை வணிகச் சமரசங்களின்றிக் காட்ட முயன்றது. 1977இல் அவருடைய திரைக்கதையில் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ வெளிவந்தபோது நாவலின் சிக்கல் திரையிலும் சிக்கலாகவே நின்றது. அவரது மேடைப் பேச்சுகளின் அரசியலோடு முற்போக்காளர் பல இடங்களில் உடன்படவில்லை. ஆயின் அவை கேட்போரை ஒரு விவாதத்துக்கு அழைத்தன. வேறுபாடு ஊடகத்தில் இல்லை. முரண்பாட்டை முரண்பாடாகவே வாசகன் முன் வைக்கும் மனத்திண்மை உண்டா இல்லையா என்பதிலேயே உள்ளது.

6

கிண்ணியாவுக்குத் திரும்புவோம். திருகோணமலை நகரிலிருந்து நீரால் பிரிக்கப்பட்டிருந்த இவ்வூர் தலைமுறைகளாகப் படகுப்பாதையை நம்பியே வாழ்ந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் பெரும் அழிவைக் கண்டது. ‘த்ரீ இடியட்ஸ்’ வெளிவருவதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், 2009 ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அது எவருடைய மனவுறுதியாலும் தானாக எழுந்ததன்று. மக்களின் நெடுநாட் கோரிக்கையும் பொது முதலீடும் தொழிலாளரின் உழைப்பும் சேர்ந்து எழுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2021 நவம்பர் 23ஆம் நாள், இதே பிரதேசத்தின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடிவுறாத நிலையில் மக்களை ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைச் சிறுவர் உட்பட அறுவர் அன்றே உயிரிழந்தனர். காலையில் புத்தகப்பையோடு புறப்பட்ட அச்சிறுவரிடம் எந்த ஊக்கம் குறைந்திருந்தது?

இவ்வூர் மாணவர் எதிர்கொள்ளும் போட்டியும் கற்பனையானதன்று. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோருள் சிறுபான்மையினருக்கே இடம் கிடைக்கின்றது. திருகோணமலை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு அனுமதியில் ஒதுக்கீடு பெறுகின்றது. வாய்ப்பு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகின்றது என்பதை அரசே ஏற்றுக்கொண்டமைக்கு அவ்வொதுக்கீடு சான்று. இலவசக் கல்வியும் தனிமனிதரின் விடாமுயற்சிக்குக் கிடைத்த பரிசன்று; கன்னங்கராவின் தலைமையில் நாற்பதுகளில் சட்டசபையிற் போராடிப் பெறப்பட்ட பொதுவுரிமை. எனவே ஆசிரியர் இல்லாத வகுப்பறையைச் சுட்டிய மாணவி எதிர்மறை எண்ணம் கொண்டவள் அல்லள். அம்மண்டபத்தில் வரலாற்று உணர்வோடு பேசியவள் அவளே.

எழுபதுகளில் எமது முன்னோடிகள் தென்னிந்திய வணிக எழுத்தின் பெருக்கத்துக்கு எதிராகக் குரலெழுப்பினர். அக்குரலால் ஈழத்து எழுத்துக்கு நன்மை விளைந்தது. ஆயினும் இறக்குமதித் தடை வாசகனின் பசியைத் தீர்க்கவில்லை. இன்று எல்லாம் கைத்தொலைபேசியில் வரும் காலத்தில் தடையைப் பற்றிப் பேசுவதிற் பொருளில்லை. ஏளனமும் பயன்தராது. பகத்தின் நூல்களை வாசித்துத்தான் ஆங்கிலத்தில் முதன்முதலாக ஒரு நாவலை முடித்தோம் என்று கூறும் இளைஞர் இங்கு உளர். மலிவான விலை, எளிய நடை, தம்மைப்போன்ற சாதாரண மாந்தர் ஆகியவற்றால் அவர்கள் ஈர்க்கப்பட்டனர். அவ்வாசகரை நாம் இழந்துவிடலாகாது.

க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) நூலில் நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்தி ஆராயும் நெறியை எமக்கு வகுத்துத் தந்தார். அந்நெறியை வகுப்பறைக்கும் வாசகர் வட்டத்துக்கும் கொண்டுசெல்லுதல் எமது கடமை. ‘நண்பன்’ பார்த்த மாணவரிடம் மூல நாவலின் அலோக்கைப் பற்றிச் சொல்லலாம். தோட்டக்காரனின் பிள்ளை பெற்ற பட்டம் யாருடையது என்று வினவலாம். கிண்ணியாவுக்கு அயலூரான மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ சிறுகதையை அதனோடு சேர்த்து வாசிக்கச் செய்யலாம். சொந்தத் தோணி என்ற கனவுக்கும் அதனை அடைவதற்கும் இடையே என்னென்ன நிற்கின்றன என்பதை அக்கதை இதே கரையின் மொழியில் உணர்த்தும்.

ஊக்கம் வேண்டாம் என்பது எமது முடிபன்று. சோர்ந்திருக்கும் மாணவருக்கு ஒரு நல்ல சொல் தேவைதான். ஆயின் மனத்தைத் திடப்படுத்துவதும் மக்களைத் திரட்டுவதும் ஒரே மனிதரிடத்தில் இணைந்திருந்த மரபு தமிழுக்கு உண்டு என்பதை வ. உ. சி.யின் வரலாறு காட்டுகின்றது. அக்கருத்தரங்கின் பின் சில பெற்றோரும் மாணவரும் சேர்ந்து ஆசிரியர் வெற்றிடங்களைப் பட்டியலிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மகஜர் எழுதினர். கேள்வி கேட்ட மாணவி அதன் முதற்படியைத் தன் கையால் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. இரண்டாவது மகஜர் ஆயத்தமாகின்றது.